நேரா பார்க்காதே, கொஞ்சம் பக்கத்துல பாரு

தாத்தாவுக்கு 84 வயதானபோது அவருடைய வாழ்க்கையை எப்படியாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்தது. ஒரு தாளில் 40 கேள்விகள் எழுதிக்கொண்டேன். அவரைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே போனை நிமிர்த்தி நிறுத்தி, "சொல்லுங்க தாத்தா, உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்றது. எல்லாரையும் போலத்தான்."

"சரி, உங்க வாழ்க்கையில மறக்கவே முடியாத நாள் எது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படித் தனியா எதுவும் இல்லப்பா" என்றார்.

அந்தப் பதிவு 22 நிமிடம் ஓடுகிறது. அதில் பாதி மின்விசிறிச் சத்தம். 16-ஆவது நிமிடத்தில் எனக்கு ஒரு அழைப்பு வந்து பதிவே அறுந்துபோய், மறுபடி தொடங்கியிருக்கிறேன். இவ்வளவுக்கும், வாரத்தில் 6 நாள் கணக்குப் புத்தகத்தோடு மேசையில் குனிந்திருந்துவிட்டு ஏழாவது நாள் விடியும் முன்பே முதுகுப்பையோடு கிளம்பிவிடுகிற மனிதராக இருந்தவர் அவர். காடு, மலை, ஏரி, ஆற்றங்கரை, எதுவாக இருந்தாலும் சரி, மேலே கூரை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். "எனக்கும் இவருக்குமா கல்யாணம் ஆச்சு, இவருக்கும் அந்த மலைக்குமா?" என்று பாட்டி கேட்பாள். அப்படிப்பட்டவரிடம் கேட்டு எனக்குக் கிடைத்தது 22 நிமிட மின்விசிறி.

இரண்டு வாரம் கழித்து மழை வந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் திண்ணை வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். முதல் தூறல் விழுந்ததும் மண்வாசனை குப்பென்று எழுந்தது. நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவராகவே, "இதே மாதிரி ஒரு தடவை ஏரிக்கரையில மாட்டிக்கிட்டேன், அப்ப எனக்குப் பதினேழு இருக்கும்" என்று தொடங்கினார். 50 நிமிடம் நிறுத்தவே இல்லை. அவருடைய அப்பா, இறந்துபோன அண்ணன், கடன் வாங்கிய சைக்கிள், அந்த ஏரியில் கண்ட நீர்நாய் என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடத்தைக் கடந்துதான் மேலே போகிறது. வாசனை அப்படிச் சுற்றிப் போவதில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு அதற்கு நேர்வழி இருக்கிறது. வயதானவர்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் அதிகமாக மேலே வரும் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. எனவே 60 வயதில் என்ன செய்தீர்கள் என்று குடைவதைவிட, அவர் 17 வயதில் முகர்ந்ததை மறுபடி மூக்கருகே கொண்டுவருவது நல்ல வழி. (இந்த வாசனைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கிடைத்ததே 1964-ல்தான். இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'பெட்ரிகோர்' என்று வைத்தார்கள். மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "நமக்குத்தான் அப்பவே பேர் இருந்துச்சே" என்று அந்த விஷயத்தை அதோடு முடித்துவிட்டார்.)

உண்மையில் இந்தப் பாடத்தை அவரே எனக்கு முன்னாலேயே கற்றுக்கொடுத்திருந்தார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

எனக்கு 9 வயது. நிலா இல்லாத ஒரு இரவில் என்னை வெட்டவெளிக்குக் கூட்டிப் போனார். டார்ச்சை அணைக்கச் சொன்னார். "அரை மணி நேரம் வெளிச்சத்தையே பார்க்கக் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும்." அப்படிப் பழக நிஜமாகவே 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அதற்காகவே டார்ச்சின் வாயில் சிவப்பு கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருப்பார். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

அப்புறம் வானத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "அங்க ஒரு புகை மாதிரி தெரியுதா?" என்றார். இல்லை என்றேன். "நேரா பார்க்காதே. கொஞ்சம் பக்கத்துல பாரு." பார்வையை ஒரு விரற்கடை தள்ளினேன், பளிச்சென்று வந்துவிட்டது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. திரும்ப நேராகப் பார்த்தால் காணோம். மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன என்பதைப் பள்ளியில் பல வருடம் கழித்துப் படித்தேன். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா அதைச் சொன்ன விதம் வேறு: "நாம வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது கிளம்பிடுச்சு, பாவம். நின்னு பார்த்துட்டுப் போவோம்."

மழை நாளுக்கு அப்புறம் 40 கேள்வித் தாளைக் கிழித்துப் போட்டேன். பைனாகுலரை அவர் கையில் கொடுப்பேன், அல்லது பழைய வரைபடத்தை மடியில் விரிப்பேன். மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி உட்காருவோம். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடுகிறது. கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். "இந்தப் பைனாகுலர் பட்டை எப்ப அறுந்துச்சு?" என்று கேட்டால் ஒரு முழு நாள் கிடைக்கும். "உங்க வாழ்க்கைத் தத்துவம் என்ன?" என்று கேட்டால் மௌனம்தான்.

வெளியில் பதிவு செய்வதில் ஒரே எதிரி காற்று. போனின் மைக்கில் காற்று அடித்தால் மடமடவென்று ஒரு சத்தம் வரும், பேச்சு அதில் மூழ்கிவிடும், பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. நான் கண்டுபிடித்த வழி, போனுக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டிவிடுவது. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாக்ஸ் போட்ட போனை அவர் மடியில் வைத்துவிட்டால் குரல் தெளிவாக விழும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கதைதான். தொடக்கத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறோம் என்று ஒரு வரி நாமே சொல்லிவிட வேண்டும். 30 கோப்புகள் சேர்ந்த பிறகு எது எப்போது என்று தேடினால்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

ஒரு இழப்பையும் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் முன்னால், அவர் நன்றாக நடமாடிய காலத்தில், மலையிலிருந்து எனக்கு ஒலிச்செய்திகள் அனுப்புவார். மூச்சு வாங்க, "மேல வந்துட்டேன், இங்க நல்ல காத்து, வெச்சிடறேன்" என்று அவ்வளவுதான் இருக்கும். போனை மாற்றியபோது அத்தனையும் போய்விட்டன. எங்கோ தானாகச் சேமிப்பாகிக்கொண்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது என் தப்பு. இப்போது முக்கியமான எதையும் 3 பிரதிகளாக வைக்கிறேன். அவற்றில் இரண்டாவது வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். எந்த எந்திரத்தாலும் மீட்க முடியாதது அந்த மூச்சு வாங்கும் சத்தம்தான்.

அந்த இரண்டு வருடங்களில் ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி, "முன்ன மாதிரி இல்ல, குருவிங்க சத்தமே குறைஞ்சு போச்சு" என்பார். நான் தலையாட்டுவேன். காடு அழிகிறது, உலகம் கெட்டுவிட்டது என்று நானும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வேன். ஒரு நாள் எங்கள் தலைக்கு மேலேயே ஒரு சிறு பறவை விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. "என்ன ஒரே அமைதியா இருக்கு" என்றார் தாத்தா. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியைத்தான். மனிதர் பேச்சு ஓரளவு கேட்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சிறு பறவைகளின் மெல்லிய குரல்கள் பல 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. அவை ஒவ்வொன்றாக அணைந்துபோகும். பறவைகள் அப்படியே இருந்தன, அவருக்குத்தான் போய்விட்டன.

காது கேட்கும் கருவி வாங்கினோம். முதல் வாரம் தட்டு சத்தம், கதவு சத்தம் எல்லாம் தலைவலி என்று கழற்றிக் கழற்றி வைத்தார். அது பழகச் சில வாரங்கள் ஆகும். மரத்தடியில் மட்டும் போட்டுக்கொள்வார். ஒரு காலையில் தலையைச் சாய்த்து, விரலை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அப்படியே வெகுநேரம் இருந்தார். 5 வருடம் முன்பே இதைச் செய்திருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பறவைகள் குறைந்துவிட்டன, சிள்வண்டு கத்துவதில்லை என்று சொன்னால், உலகத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒரு முறை காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

86 வயதில் ஒரு அதிகாலையில், கிளம்புகிற வழக்கமான நேரத்தில், போய்விட்டார்.

நினைவுக் கூட்டத்தில் பேரன்கள் சார்பாக நான் பேச வேண்டும் என்றார்கள். நான் எழுதிய முதல் வரைவு வேலைக்கு மனுப் போடுவதைப் போல இருந்தது. பிறந்தது, படித்தது, பணியில் சேர்ந்தது, ஓய்வு பெற்றது. சித்தப்பா படித்துப் பார்த்துவிட்டு, "இதுல அப்பா எங்கடா?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில் ஷூ லேஸைப் பற்றி மட்டும் 5 நிமிடம் பேசினேன்.

கிளம்புவதற்கு முன் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து லேஸைப் பார்ப்பார். பூ முடிச்சின் இரண்டு காதுகளும் பாதத்துக்குக் குறுக்கே, இடவலமாகப் படுத்திருக்க வேண்டும். விரலுக்கும் குதிகாலுக்குமாக நீளவாக்கில் திரும்பி நின்றால், "பாட்டி முடிச்சு! அவுரு!" என்பார். முதலில் வலதை இடதுக்கு மேல் போட்டால், அடுத்து காதைப் பிடிக்கும்போது இடதை வலதுக்கு மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முடிச்சு தானே திரும்பிக்கொண்டு நடக்க நடக்க நெகிழும். நான் இதைச் சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேர் குனிந்து காலைப் பார்த்தார்கள். செருப்பு போட்டிருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். அதற்குப் பின் ஒவ்வொருவராக என்னிடம் வந்து அவரோடு வெளியே போன ஒரு நாளைச் சொல்லத் தொடங்கினார்கள். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் எல்லோரும் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'அவரோட எங்கே போனீங்க, வானம் எப்படி இருந்துச்சு?' என்று கேட்க வேண்டும்.

அப்படி வந்த ஒருவர், தாத்தாவின் பழைய சக ஊழியர், இடி இடித்த ஒரு மாலையைச் சொன்னார். மின்னல் வெட்டியதும் தாத்தா சத்தமாக எண்ணத் தொடங்கினாராம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி. "இருபத்தி ஏழு. ஒன்பது கிலோமீட்டர். இறங்கு" என்றாராம். உச்சி 200 அடிதான் மேலே இருந்தது, வானம் தலைக்கு மேல் வெளுத்தே இருந்தது, இவர் கெஞ்சியிருக்கிறார். தாத்தா மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டாராம். கீழே வந்து ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்கியும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே விடவில்லையாம். "இருபது வருஷம் அந்தாளு மேல எனக்குக் கோபம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவருடைய அலமாரியைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. புகைப்படங்கள் ஒட்டும் தாள் ஆல்பத்தில் இருந்தன, அந்தப் பசை மஞ்சளாகிப் படங்களை விடாமல் பிடித்திருந்தது. பிய்த்தால் கிழியும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு ரம்பம்போல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. வராததை அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்தேன். சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தேன். பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் நல்லது, பால்பாயின்ட் பேனா மறுபக்கம் அழுந்தித் தெரியும்.

ஒரு தகர டப்பாவில் கழுவாத கோடாக்ரோம் சுருள் ஒன்று கிடைத்தது. 1935-ல் வந்த பிலிம் அது, 2009-ல் தயாரிப்பு நின்றது. உலகத்தில் அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேபும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு சுருள்களை வாங்கவில்லை. அதன் நிறச்சாயங்கள் பிலிமிலேயே கிடையாது, கழுவும்போதுதான் சேரும், அதனால் இப்போது கறுப்பு வெள்ளையாக மட்டுமே எடுக்க முடியும். எடுத்தோம். 36-ல் 9 படம் மங்கலாகத் தேறியது. எட்டு மலை. ஒன்றில் பாறை மேல் நீண்டு விழுந்த ஒரு நிழல், தொப்பியும் முதுகுப்பையுமாக. அவர் மலை ஏறும் காலத்தில் எடுத்த படங்களில் அவர் இருப்பது அந்த ஒன்றில்தான். எப்போதும் கேமரா அவர் கையில் இருந்தது. வாங்கி அவரை ஒரு படம் எடுக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

படங்களைவிட என்னை நிறுத்தி வைத்தவை அவருடைய நோட்டுப் புத்தகங்கள். உள்ளே கவிதையோ தத்துவமோ எதுவும் இல்லை. தேதி, கிளம்பிய நேரம், காற்று, கண்ட விலங்கு, உச்சியைத் தொட்ட நேரம், அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறவரின் எழுத்து. ஒரே மலைக்கு 30 தடவைக்கு மேல் போயிருக்கிறார். உச்சிக்குப் போக எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் வரிசையாக எடுத்து எழுதினேன். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் நடப்பவர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். 40 வயதில் தாத்தா அந்தக் கணக்கைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார், 2 மணி 10 நிமிடம். 55-ல் சமம். 66-ல் 3 மணி 40. எங்கேயும் முட்டி வலி என்று ஒரு சொல் இல்லை, எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. இன்னொரு எண்ணும் எல்லாப் பக்கத்திலும் மேல் ஓரத்தில் இருந்தது: 'தி.நே. 11.30'. திரும்பும் நேரம். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதை எழுதிவிடுவார். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். மேலே நின்றுகொண்டு முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும் என்பார். 78 வயதுக்கான கடைசிப் பக்கத்தில், 'தி.நே. 11.30. பாதி வழி. காற்று மேற்கு. திரும்பினேன்.' அப்புறம் வெள்ளைத் தாள்கள்.

அவர் போய் ஒரு வருடம் ஆனதும் நானும் சித்தப்பா மகனும் அந்த மலைக்குக் கிளம்பினோம். தாத்தாவின் ஷூ என் காலுக்குச் சரியாக இருந்தது. 9 வருடம் அட்டைப் பெட்டியில், புதிது போல இருந்தது, நானும் பாலிஷ் போட்டேன். நாலு கிலோமீட்டர் போனதும் குதிகால் மெத்தென்று ஆனது. குனிந்து பார்த்தால் வலது அடிப்பாகம் பழைய ரொட்டித்துண்டு போல உதிர்கிறது. பத்து நிமிடத்தில் இடதும். பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரை வைத்த நடு அடி காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும், சும்மா வைத்திருக்கும் ஷூதான் இப்படி மோசம் போகும், வெளியே ஒன்றும் தெரியாது என்பதெல்லாம் இறங்கி வந்த பிறகு தெரிந்துகொண்டது. பெரியவர்களின் ஷூவைப் போட ஆசைப்பட்டால் முதலில் கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், மடித்துப் பாருங்கள், வீட்டைச் சுற்றி ஒரு வாரம் நடந்து பாருங்கள்.

தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. அவருடைய முதுகுப்பையின் பக்கப் பையில் கை விட்டேன். எப்போதும் இருக்க வேண்டிய இடத்தில் உபரி லேஸ் இரண்டு ஜோடி, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியபடி இருந்தன. அடியைச் சேர்த்து ஷூவோடு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினேன். வலது மேல் இடது, இடது மேல் வலது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "குறுக்கேதான் இருக்கு, போலாம்" என்றான்.

உச்சி தெரிந்துகொண்டிருந்தது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். பையிலிருந்து நோட்டை எடுத்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'தி.நே. 11.30. மணி 11.10. காற்று இல்லை. ஷூ அடி கழன்றது. திரும்பினோம்.'